கேரி சோபர்ஸ்: பவுலிங் சராசரி 34 என்று சொல்லிக் கடந்துவிடலாமா?

மைதானத்தான்

தலைசிறந்த ஆல்ரவுண்டர் யார் என்று பக்கத்து இழையில் பேசிக்கொண்டிருந்தோம். கபில், இம்ரான், போத்தம், ஹாட்லி, காலிஸ் எல்லோரும் வந்துபோனார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கேரி சோபர்ஸ் பெயரை நான் எடுத்ததும், "பவுலிங் சராசரி 34 (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; குறைவாக இருந்தால் நல்லது). பேட்ஸ்மேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆல்ரவுண்டர்னு சொல்லாதீங்க" என்று ஒரு பதில் வந்தது. அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த இழை திசைமாறக் கூடாதென்று தனியாகத் தொடங்குகிறேன்.

முதலில் மனிதர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடுவோம். 1936 ஜூலை 28, பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுன், பே லேண்ட் என்ற எளிய குடியிருப்பு. பிறக்கும்போது இரண்டு கைகளிலும் ஆறாவது விரல் இருந்தது. சிறுவயதிலேயே அவை போய்விட்டன. அப்பா சரக்குக் கப்பல் மாலுமி. இரண்டாம் உலகப் போரில், 1942 ஜனவரியில், அவர் இருந்த கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. கேரிக்கு அப்போது ஐந்து வயது. அதன்பிறகு பிள்ளைகள் அத்தனை பேரையும் அம்மா தெல்மாதான் ஆளாக்கினார்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே வாண்டரர்ஸ் கிளப் மைதானம். டெனிஸ் அட்கின்சன் அங்கே வலைப்பயிற்சிக்கு வருவார். ஸ்டம்ப் மேல் ஒரு ஷில்லிங்கை வைத்துவிட்டு, "தட்டிவிட்டால் உனக்கு" என்பாராம். இடக்கை சுழல் போடும் ஒல்லிப் பையன் அந்தக் காசுக்காகப் போட்டுப் போட்டே துல்லியம் கற்றுக்கொண்டான். அப்புறம் போலீஸ் அணியில் ஆட ஒரு வழி வேண்டும். காவல்துறை அதிகாரி வில்ஃப்ரெட் ஃபார்மர் அவனைப் போலீஸ் பேண்டில் எக்காளம் ஊதும் சிறுவனாகச் சேர்த்துக்கொண்டு அணிக்குள் கொண்டுவந்தார்.

16 வயதில் முதல்தர ஆட்டம். எதிரணி யார் தெரியுமா? 1953-ல் சுற்றுப்பயணம் போன நம் இந்திய அணிதான். அந்த ஒரே ஆட்டத்தில் ஏழு விக்கெட். அடுத்த ஆண்டு 1954 மார்ச்சில், கிங்ஸ்டன் சபீனா பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். வயது 17. ஆல்ஃப் வாலன்டைனுக்கு உடம்பு சரியில்லாததால் கிடைத்த இடம். ஒன்பதாவதாக பேட்டிங், முதல் இன்னிங்ஸில் 75 ரன் கொடுத்து 4 விக்கெட்.

ஆக, சோபர்ஸ் பவுலராகத்தான் டெஸ்ட் கிரிக்கெட்டுக்குள் நுழைந்தார். கை பழகட்டும் என்று ஓரமாக ஓவர் போட்டுக்கொண்டிருந்த பேட்ஸ்மேன் அல்ல.

நான்கு வருடம் சதமே வரவில்லை. 1958-ல் அதே சபீனா பார்க்கில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் சதம் வந்தபோது அது 365 நாட் அவுட்டில்தான் நின்றது. வயது 21. லென் ஹட்டனின் 364 உடைந்தது. கான்ராட் ஹன்ட்டுடன் சேர்த்தது 446 ரன், ஹன்ட் 260. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து பிட்ச் சேதமாகி, அன்றைய ஆட்டத்தையே அத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. பாகிஸ்தான் பவுலர்களில் இரண்டு பேர் காயமடைந்து வெளியே இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று ஆட எந்தக் காயமும் உதவி செய்யாது. அது தற்செயல் என்று நினைப்பவர்களுக்கு: அடுத்த டெஸ்டிலேயே ஜார்ஜ்டவுனில் 125, 109 நாட் அவுட்.

பவுலிங் பற்றி என் வாதத்தை அடுத்து வைக்கிறேன். அதற்குமுன் யாராவது ஏதாவது சொல்லவேண்டுமென்றால் சொல்லுங்கள்.

---

கணக்குவழக்கு

அந்த 34 பற்றி எழுதியது நான்தான். பெயர் சொல்லாமல் விட்டதற்கு நன்றி சார். ஆனால் என் கருத்து அதேதான்.

சோபர்ஸ்: 93 டெஸ்ட், 8032 ரன், சராசரி 57.78, 26 சதம், 235 விக்கெட், சராசரி 34.03, 109 கேட்ச்.

காலிஸ்: 166 டெஸ்ட், 13,289 ரன், சராசரி 55.37, 45 சதம், 292 விக்கெட், சராசரி 32.65, 200 கேட்ச்.

பேட்டிங்கில் ஏறத்தாழ சமம். பவுலிங்கில் காலிஸ் ஒரு படி மேல். அதிலும் ஒரு விக்கெட் எடுக்க சோபர்ஸுக்கு கிட்டத்தட்ட 92 பந்து தேவைப்பட்டது, காலிஸுக்கு 69. பழைய காலத்து ஆள் என்பதற்காக நாம் கொஞ்சம் அதிகமாகவே தலையில் தூக்கி வைக்கிறோமோ என்றுதான் என் கேள்வி. இம்ரானைப் பாருங்கள்: பேட்டிங் 37.69, பவுலிங் 22.81. கீத் மில்லர் 36.97, 22.97. இவர்களில் யாரை எடுத்தாலும் பவுலராக மட்டுமே உலக அணியில் இடம் கிடைக்கும். சோபர்ஸுக்குக் கிடைக்குமா?

---

மைதானத்தான்

எண்களைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அதே எண்களிலிருந்தே பதில் சொல்கிறேன்.

சோபர்ஸ் டெஸ்டில் வீசிய பந்துகள் 21,599. காலிஸ் 20,232. சோபர்ஸ் 93 ஆட்டத்தில், காலிஸ் 166 ஆட்டத்தில். ஓர் ஆட்டத்துக்கு என்று வகுத்தால் சோபர்ஸ் 232 பந்து, அதாவது 39 ஓவருக்குக் கிட்டத்தட்ட. காலிஸ் 122 பந்து, 20 ஓவர். ஆட்டத்துக்கு விக்கெட் என்று பார்த்தால் 2.5-க்கும் 1.76-க்கும் உள்ள வித்தியாசம்.

காலிஸ் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் டொனால்டு, பொல்லாக், நிடினி, ஸ்டெயின் என்று முழுநேர வேகங்கள் முன்னால் நிற்க, நான்காவது ஐந்தாவது ஆளாக அளந்து வீசினார். சோபர்ஸுக்கு அந்தச் சொகுசு பாதி நாள் கிடையாது. புதுப்பந்து போட ஆள் இல்லையென்றால் அவர்தான் புதுப்பந்து. இடக்கை வேகம், வலக்கை ஆட்டக்காரருக்கு உள்ளே வளைந்து வரும். பந்து பழசானால் விரலால் திருப்பும் இடக்கை ஆர்த்தடாக்ஸ் சுழல். பிட்ச் செத்துக் கிடந்தால் மணிக்கட்டால் திருப்பும் சைனாமேன், நடுவில் எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளி. வேகப்பந்தை இங்கிலாந்தில், ராட்கிளிஃப் கிளப்புக்காக சென்ட்ரல் லங்காஷயர் லீக் ஆடிய காலத்தில்தான் தீட்டிக்கொண்டார். அங்கே வெளிநாட்டுத் தொழில்முறை வீரர் ஒருவர்தான். சனிக்கிழமை தோறும் அவர் ஜெயித்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் போட்டுத்தான் ஆகவேண்டும்.

மூன்று பேர் வேலையை ஒருவர் செய்தால் மூன்று பேரின் மந்தமான நேரமும் அவர் கணக்கில்தான் விழும். வேறு யாராலும் விக்கெட் எடுக்க முடியாத பிட்சில் ஒரு முனையை அடைத்துக்கொண்டு ஓவருக்கு 2.2 ரன் கொடுத்து வீசியவருக்கு, விக்கெட்டுக்கு 92 பந்து ஆனதில் ஆச்சரியம் என்ன?

இவ்வளவும் செய்துவிட்டு சுழற்பந்துக்காரர் லான்ஸ் கிப்ஸ் பந்துக்கு, பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் போய்க் குனிந்து நிற்பார். ஹெல்மெட் இல்லாத காலம்.

1966 இங்கிலாந்து தொடரை மட்டும் எடுத்துப் பாருங்கள். கேப்டன். ஐந்து டெஸ்ட். 722 ரன், 20 விக்கெட், 10 கேட்ச். ஐந்து டாஸையும் ஜெயித்தார். தொடர் 3-1. லீட்ஸில் 174 அடித்துவிட்டு 5 விக்கெட்டும் 3 விக்கெட்டும். இதே தொடரில் லார்ட்ஸ் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் 95-க்கு 5 போய்விட்டது, கையில் முன்னிலை வெறும் 9 ரன். அடுத்து யாரும் பெரிதாக பேட் பிடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. எதிர்முனையில் அவருடைய உறவுக்காரப் பையன் டேவிட் ஹோல்ஃபோர்டு, இரண்டாவது டெஸ்ட் ஆடுகிறான். சோபர்ஸ் 163 நாட் அவுட், ஹோல்ஃபோர்டு 105 நாட் அவுட், பிரியாத 274. தோற்க வேண்டிய ஆட்டத்தை டிக்ளேர் செய்யும் (போதும் என்று தாங்களே இன்னிங்ஸை முடித்துக்கொள்ளும்) நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு பேட்ஸ்மேனாக அந்த 722-ஐ இன்னொருவர் அடிக்கலாம். 20 விக்கெட்டை இன்னொருவர் எடுக்கலாம். கேப்டனாகவும் இருந்துகொண்டு ஒரே கோடையில் இரண்டையும் சேர்த்துச் செய்தவரை எனக்குக் காட்டுங்கள்.

---

திருவல்லிக்கேணி

தம்பி, நல்ல இழை. நான் ஒன்று சேர்க்கிறேன், நம் ஊர்க் கதை.

1967 ஜனவரி, பொங்கல் சமயம். சேப்பாக்கம் டெஸ்ட். அதற்கு முந்தைய சில வருடம் டெஸ்டெல்லாம் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் நடந்தது; அந்த வருடம் மறுபடி சேப்பாக்கத்துக்கு வந்தது. நான் பள்ளிக்கூடப் பையன். டிக்கெட் வாங்க வீட்டில் காசு இல்லை. தெருமுனைக் கடையில் ரேடியோ ஓடும், அங்கே நாங்கள் ஒரு பத்துப் பேர் நிற்போம். மைதானத்துச் சத்தம் காற்றில் வந்து, அப்புறம்தான் ரேடியோக்காரர் சொல்லுவார் என்று எங்களுக்குத் தோன்றும், அவ்வளவு பக்கம்.

முதல் நாள் ஃபரூக் இன்ஜினியர் லஞ்சுக்கு முன்னால் 94. லஞ்சுக்கு முன் சதம் ஆறு ரன்னில் தவறியதை ஊரே பேசியது. கடைசியில் 109. போர்டே சதம். பட்டோடி கேப்டன். பம்பாயிலும் கல்கத்தாவிலும் தோற்றுவிட்டு வந்த இந்தியா, இங்கே ஜெயிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. கடைசி நாள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 322 இலக்கு. பேடியும் பிரசன்னாவும் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். 193-க்கு 7 விக்கெட். கடைக்காரர் ஜெயித்தால் எல்லோருக்கும் சோடா என்று சொல்லிவிட்டார்.

சோபர்ஸ் நின்றுகொண்டிருந்தார். கூட வந்தவர் சார்லி கிரிஃபித், வேகப்பந்துக்காரர். அவரை வைத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுக்க ஓட்டினார்கள். 77 ரன் சேர்த்து, விக்கெட்டே விழவில்லை. 270-க்கு 7, டிரா. சோபர்ஸ் 74 நாட் அவுட், முதல் இன்னிங்ஸில் 95.

எங்களுக்கு அன்று அழுகைதான் வந்தது. ஆனால் மறுநாளிலிருந்து தெருவில் விளையாடும்போது எல்லோரும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு சோபர்ஸ் மாதிரி நடந்து வந்தோம். வலக்கைப் பையன்கள்கூட இடக்கையில் பேட் பிடித்துப் பார்த்தார்கள்.

அந்தத் தொடரில் அவருக்கு ஐந்து இன்னிங்ஸ். 50, 53 நாட் அவுட், 70, 95, 74 நாட் அவுட். ஒன்றுகூட ஐம்பதுக்குக் கீழே இல்லை.

---

புதுப்பந்து

ஐயா இதைப் படிக்கவே சிலிர்க்கிறது. எனக்கு சோபர்ஸ் என்றால் ஆறு சிக்ஸர் மட்டும்தான் தெரியும். யுவராஜ் டர்பனில் அடித்ததைப் பார்த்து, அதற்கு முன்னால் யார் என்று தேடியபோது ரவி சாஸ்திரி, அவருக்கு முன்னால் சோபர்ஸ் என்று தெரிந்துகொண்டேன். அது எப்படி நடந்தது என்று யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா?

---

லெக்கட்டர்

நான் சொல்கிறேன், எனக்குப் பிடித்த ஓவர்.

1968 ஆகஸ்ட் 31, வேல்ஸில் ஸ்வான்சீ, செயின்ட் ஹெலன்ஸ் மைதானம். நாட்டிங்ஹாம்ஷயருக்கும் கிளாமர்கனுக்கும் கவுன்டி ஆட்டம். சோபர்ஸ் அந்த வருடம்தான் நாட்ஸ் அணிக்குக் கேப்டனாக வந்திருந்தார். டிக்ளேர் செய்யுமுன் வேகமாக ரன் வேண்டும். பவுலர் மால்கம் நாஷ். அவர் வழக்கமாக இடக்கை மிதவேகம். அன்று பரீட்சார்த்தமாக மெதுவான சுழலுக்கு மாறியிருந்தார். மாறுவதற்குத் தப்பான நாள்.

முதல் பந்தே மைதானத்துக்கு வெளியே போயிற்று. அடுத்தடுத்து மூன்று. ஐந்தாவதுதான் கதை. கொஞ்சம் தப்பாக மட்டையில் பட்டு உயரப் போகிறது. எல்லையில் ரோஜர் டேவிஸ் பிடித்தேவிட்டார். பிடித்த வேகத்தில் பின்னால் சாய்ந்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்தார். சோபர்ஸ் அவுட் என்று நினைத்து நடக்கவே தொடங்கிவிட்டார். நடுவர்கள் கூடிப் பேசி சிக்ஸர் என்றார்கள். ஆறாவது பந்து சுவரைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. பிபிசி வேல்ஸ் கேமரா அங்கே இருந்தது நம் அதிர்ஷ்டம். படம் இன்றும் கிடைக்கிறது. வர்ணனை வில்ஃப் வூலர்.

முதல்தர கிரிக்கெட்டில் ஆறுக்கு ஆறு அதற்குமுன் யாரும் அடித்ததில்லை. அடுத்தது 1985-ல் சாஸ்திரி, பம்பாயில், பரோடாவின் திலக் ராஜ் ஓவரில்.

ஆனால் தம்பி, அந்த ஓவரோடு நின்றுவிடாதே. அதில் நாஷ் பாவம். அவர் நல்ல கவுன்டி பவுலர். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு ஓவரைப் பற்றித்தான் அவரிடம் கேட்டார்கள், அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

---

கணக்குவழக்கு

ஆட்டத்துக்கு 232 பந்து என்ற வாதம் வலுவானதுதான், அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கேப்டன்சிக்கு வாருங்கள். 39 டெஸ்டில் 9 வெற்றி, 10 தோல்வி, 20 டிரா. 1968 போர்ட் ஆஃப் ஸ்பெயின் டிக்ளரேஷனை யார் மன்னிப்பார்கள்? 165 நிமிடத்தில் 215 என்று இலக்கு கொடுத்தார். கிரிஃபித் காயத்தால் பந்து வீச முடியாது. பாய்காட் 80 நாட் அவுட், கவுட்ரி 71. மூன்று நிமிடம் மிச்சமிருக்க இங்கிலாந்து ஏழு விக்கெட்டில் ஜெயித்தது. அந்த ஒரு ஆட்டத்தில்தான் தொடரே போயிற்று.

---

மைதானத்தான்

அந்த முடிவு தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். முந்தைய இன்னிங்ஸில் இங்கிலாந்து சரிந்தது பேசில் புட்சரின் லெக் ஸ்பின்னில், 34 ரன்னுக்கு 5 விக்கெட். எப்போதாவது கை சுழற்றுகிறவர் அவர். அதை நம்பி இலக்கு வைத்தது மிதமிஞ்சிய நம்பிக்கை. தொடர் அதுவரை டிரா, டிரா என்று போய்க்கொண்டிருந்தது. பார்க்க வந்தவனுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று நினைத்தார். டிரினிடாடில் அவரைத் திட்டாதவர்கள் இல்லை.

ஆனால் அடுத்த டெஸ்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுன். சோபர்ஸ் 152, 95 நாட் அவுட். இரண்டு இன்னிங்ஸிலும் மூன்று மூன்று விக்கெட். இழந்ததைத் தன் ஒருவர் கையாலேயே மீட்டுவிடப் பார்த்தார். இங்கிலாந்து 206-க்கு 9. கடைசி ஓவர் கிப்ஸ் வீச, பதினொன்றாவது ஆள் ஜெஃப் ஜோன்ஸ் காலை நீட்டி நீட்டித் தப்பித்தார். ஒரு விக்கெட்டில் தொடர் கைநழுவியது.

வொரெலுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருவது யாருக்கும் கஷ்டம். ஃபிராங்க் வொரெல் ஒவ்வொரு தீவிலிருந்தும் வந்தவர்களை ஓர் அணியாக்கியவர். சோபர்ஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தனக்கு எளிதாக வருவது மற்றவனுக்கும் வரும் என்று நினைக்கிற ஆள். மேதைகளிடம் அடிக்கடி பார்க்கிற குறை இது. இருந்தாலும் 1965-ல் ஆஸ்திரேலியாவை முதன்முதலாகத் தொடரில் வீழ்த்திய மேற்கிந்தியக் கேப்டன் அவர்தான். அதை 9-க்கு 10 என்ற கணக்கில் அடித்துவிட வேண்டாம்.

---

வடமராட்சி

வணக்கம் அண்ணை. இந்த இழையில் எங்கட பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது.

இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து 1981-இல் கிடைத்தது. முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துடன். அதற்குப் பிறகு வந்த ஆரம்ப ஆண்டுகளில் சேர் கார்பீல்ட் சோபர்ஸ் இலங்கை அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். இளம் வயதிலேயே அணிக்குள் வந்த அர்ஜுன ரணதுங்க போன்றவர்கள் அவரிடம் படித்த தலைமுறை. பெரிய அணிகளைக் கண்டு ஒதுங்காமல் அடித்து ஆட வேண்டும் என்ற எண்ணம் எங்கட துடுப்பாட்டத்தில் அப்போதே இருந்தது. அதைத் திருத்துகிறேன் என்று சொல்லி அவர் கெடுக்கவில்லை. 1996 உலகக் கிண்ணத்தை நினைக்கும்போது இதையும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2015 முதல் இலங்கைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையிலான டெஸ்ட் தொடருக்கு சோபர்ஸ்-திசேரா கிண்ணம் என்று பெயர். மைக்கல் திசேரா டெஸ்ட் அந்தஸ்துக்கு முந்தைய காலத்து இலங்கைத் தலைவர். உலகின் மிகச் சிறந்த சகலதுறை வீரரின் பெயரோடு டெஸ்ட்டே ஆடக் கிடைக்காத எங்கட ஒருவரின் பெயரைச் சேர்த்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு கேள்வி அண்ணை. கொலி ஸ்மித் பற்றி யாரும் எழுதவில்லையே?

---

மைதானத்தான்

எழுதத்தான் வேண்டும். எழுத எளிதாக இல்லை.

கோலி ஸ்மித் ஜமைக்காக்காரர், ஆல்ரவுண்டர், சோபர்ஸின் உயிர் நண்பர். இருவரும் ஒரே காலத்தில் இங்கிலாந்து லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1959 செப்டம்பரில் ஒரு நிதி திரட்டும் ஆட்டத்துக்காக இரவோடு இரவாக லண்டனுக்குக் காரில் கிளம்பினார்கள். இன்னொரு மேற்கிந்திய வீரர் டாம் டூட்னியும் கூட. ஸ்டஃபோர்ட்ஷயரில் ஸ்டோன் என்ற ஊருக்கு அருகே, எதிரே வந்த மாட்டு லாரியில் கார் மோதியது. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் சோபர்ஸ். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்மித்துக்கு முதுகுத்தண்டில் அடி. சில நாட்களில் இறந்துபோனார். வயது 26.

கவனக்குறைவாக ஓட்டியதற்காக சோபர்ஸுக்கு அபராதம் போட்டார்கள். அவர் தனக்குப் போட்டுக்கொண்டது அதைவிடப் பெரிது. குடியில் விழுந்த நாட்களைப் பற்றி அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். பிறகு, இனி ஸ்மித்துக்கும் சேர்த்து நான் ஆட வேண்டும் என்று முடிவெடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த இங்கிலாந்து தொடரில் 709 ரன். அதற்கடுத்த வருடம் இரு அணியும் சமமாக முடித்த பிரிஸ்பேன் டை டெஸ்டில் 132.

1955 முதல் 1972 வரை தொடர்ந்து 85 டெஸ்ட், ஒன்றுகூட விடாமல் ஆடினார். லீக், ஆஸ்திரேலிய உள்ளூர் சீசன், கவுன்டி என்று வருடம் முழுக்க வேறு. தெற்கு ஆஸ்திரேலியாவுக்காக ஒரே சீசனில் 1000 ரன், 50 விக்கெட் என்ற சாதனையை இரண்டு சீசன் செய்தார். முழங்கால் தேய்ந்ததில் வியப்பில்லை. இந்த ஓயாத ஆட்டத்துக்கும் அந்த இரவுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் நான் எப்போதும் நினைக்கிறேன்.

---

லெக்கட்டர்

அவர் வாழ்க்கையில் எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். 1970-ல் ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) போய் சாலிஸ்பரியில் இரண்டிரண்டு பேராக ஆடும் இரட்டையர் கிரிக்கெட் போட்டி ஒன்று ஆடினார். வெள்ளைச் சிறுபான்மை அரசு, இயன் ஸ்மித் பிரதமர். அவரைச் சந்தித்தார், நல்லவிதமாகவும் பேசினார். கரீபியன் கொந்தளித்தது. கயானாவின் பிரதமர் ஃபோர்ப்ஸ் பர்னம், மன்னிப்புக் கேட்காமல் இங்கே கால் வைக்கக் கூடாது என்றார். கடைசியில் சோபர்ஸ் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று அவர் மனதார நம்பினார். ஆனால் அவர் யாராக இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். நிறத்தின் பேரால் கேப்டன் பதவியே மறுக்கப்பட்ட ஒரு மக்களின் தலைமகன். அவர் அந்த மைதானத்தில் நிற்பதே ஸ்மித் அரசுக்கு ஒரு சான்றிதழ்.

---

திருவல்லிக்கேணி

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. அதே 1970 கோடையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறவெறியை எதிர்த்த போராட்டத்தால் தென்னாப்பிரிக்காவின் இங்கிலாந்துப் பயணம் ரத்தானது. அந்த இடத்தில் உலக அணி ஒன்று ஆடியது. வெள்ளையரும் கறுப்பரும் ஆசியரும் கலந்த அந்த அணிக்குக் கேப்டன் சோபர்ஸ். அந்த ஐந்து ஆட்டங்களில் 588 ரன், 21 விக்கெட். லார்ட்ஸில் முதல் நாள் 21 ரன்னுக்கு 6 விக்கெட், அப்புறம் 183. அந்த மாதிரி அணியை நடத்திய கையோடு சாலிஸ்பரிக்குப் போனதுதான் மனதுக்குச் சங்கடம்.

இதில் கணக்குவழக்கு தம்பிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இந்த ஐந்து ஆட்டமும் பின்னால் டெஸ்ட் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன.

---

கணக்குவழக்கு

ஆமாம் ஐயா. அவற்றைச் சேர்த்தால் 98 ஆட்டத்தில் 8620 ரன், 256 விக்கெட். எதிரே ஆடியது முழு பலமுள்ள இங்கிலாந்து அணி. நான் போட்ட பட்டியலில் இது இல்லை. இனி ஒப்பிடும்போது தனி வரியாகப் போடுவேன்.

ஆனால் இம்ரான் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பவுலராக மட்டும் சோபர்ஸுக்கு உலக அணியில் இடம் உண்டா?

---

மைதானத்தான்

இல்லை. பவுலராக மட்டும் என்றால் இடமில்லை. இம்ரான், மில்லர், ஹாட்லி மூவரும் பந்து கையில் இருக்கும்போது அவரைவிட ஆபத்தானவர்கள். ஒரு டெஸ்டை ஒரு மதியத்தில் பந்தால் முடிக்க வேண்டுமென்றால் நான் இம்ரானைத்தான் கூப்பிடுவேன்.

ஆனால் நீங்கள் கேட்பது மாதிரி இம்ரானிடமும் கேட்டுப் பாருங்கள். பேட்ஸ்மேனாக மட்டும் அவருக்கு உலக அணியில் இடம் உண்டா? கிடையாது. சோபர்ஸுக்கு உண்டு. பிராட்மேனுக்கு அடுத்த வரிசையில் யாரை வைத்தாலும் அங்கே அவர் இருப்பார். அதற்குமேல் ஆட்டத்துக்கு 39 ஓவர், மூன்று விதமாக, எந்த பிட்சிலும். தேர்வாளருக்கு அவர் ஒருவரை எடுத்தால் இன்னொரு இடம் மிச்சம். மூன்று வேகம் போதுமா, இரண்டு சுழல் வேண்டுமா என்று காலையில் பிட்சைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். என்ன தேவையோ அதை அவர் போடுவார். சராசரி என்ற கட்டத்தில் இந்த வசதிக்கு இடமே இல்லை.

விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுமலர் 2000-ல் நூற்றாண்டின் ஐந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நூறு பேர் வாக்களித்தார்கள். பிராட்மேனுக்கு நூறும் கிடைத்தது. சோபர்ஸுக்கு 90. மூன்றாவது வந்த ஜேக் ஹாப்ஸுக்கு 30. அவரோடு ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் அந்த நூறு பேரில் இருந்தார்கள்.

---

புதுப்பந்து

இவ்வளவு படித்தபிறகு பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஆறு சிக்ஸர் தவிர எதைப் பார்க்கலாம் சார்? ஒருநாள் ஆட்டம் ஏதாவது ஆடியிருக்கிறாரா?

---

மைதானத்தான்

சர்வதேச ஒருநாள் ஒன்றே ஒன்று, 1973-ல் லீட்ஸில். ரன் எடுக்காமல் அவுட், ஒரு விக்கெட். 1975 உலகக் கோப்பைக்கு அணியில் பெயர் இருந்தது. காயத்தால் விலகினார், அவர் இடத்தில் ரோகன் கன்ஹாய் போனார். கோப்பையை மேற்கிந்தியத் தீவுகள் தூக்கியபோது சோபர்ஸ் அணியில் இல்லை. அதே வருடம் பிரிட்ஜ்டவுன் காரிசன் சவானாவில் எலிசபெத் ராணி சோபர்ஸுக்கு நேரில் வந்து சர் பட்டம் கொடுத்தார். பே லேண்டிலிருந்து நடந்தே போகும் தூரம்.

பார்ப்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். 1972 ஜனவரி மெல்போர்ன், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலக அணிக்காக 254. முதல் இன்னிங்ஸில் டென்னிஸ் லில்லி அவரை பூஜ்யத்தில் அனுப்பியிருந்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் பெர்த்தில் லில்லி 29 ரன்னுக்கு 8 எடுத்து உலக அணியை நொறுக்கியிருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் சோபர்ஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் தான் பார்த்த மிகச் சிறந்த இன்னிங்ஸ் இதுதான் என்று பிராட்மேன் சொன்னார்.

பார்க்கும்போது மட்டை மேலே எவ்வளவு உயரம் போகிறது, அடித்து முடித்ததும் எங்கே வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். லில்லி வேகமாகக் குட்டையாகப் போட்டதை பின்காலில் எழுந்து நின்று பாயின்ட் பக்கம் அடிப்பார். மட்டை முழு வட்டம் சுற்றி முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், தலை மட்டும் அசையாது. நேராக லில்லி தலைக்குப் பக்கத்தில் அடித்த ஷாட்டையும் விட்டுவிடாதீர்கள். அப்போது அவருக்கு வயது 35, முழங்கால் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

---

வடமராட்சி

நன்றி அண்ணை, இன்றிரவே பார்க்கிறேன். வொரெலுக்கும் இப்படி ஒரு தனி இழை தொடங்குவீர்களா? 1960 டை டெஸ்ட் முழுவதும் அதில் வரட்டும்.

---

மைதானத்தான்

கட்டாயம் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். திருவல்லிக்கேணி ஐயா, 1967 சேப்பாக்கம் பற்றி உங்களிடம் இன்னும் நிறைய இருக்கும் என்று தெரியும்; இந்த இழையிலேயே தொடருங்கள்.